தாடை மூட்டு வலிக்குக் காப்புறுதிப் பணம் பெறுவது எப்படி: மலையகத்து முதியவர்களுக்கும் அவர்களது பிள்ளைகளுக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

அம்மா ரொட்டியைச் சாயத்தண்ணியில் ஊறப்போட்டுச் சாப்பிடத் தொடங்கிய பிறகுதான் எங்களுக்கு விஷயம் புரிந்தது. முப்பது வருஷத்துக்கு மேல் மலைக்குப் போய்க் கொழுந்து எடுத்தவர். காலையில் தேங்காய் ரொட்டியும் சம்பலும் இல்லாமல் அவருக்குப் பொழுது விடியாது. வாயைத் திறக்கும்போது காதுக்கு முன்னால் ‘டிக்’ என்று ஒரு சத்தம், மெல்லும்போது காது வரைக்கும் குத்து, சில நாள் காலையில் வாய் பாதிக்கு மேல் திறக்காது. “காத்து பட்டிருக்கும்”, “பல்லுதான்” என்று ஆறு மாதம் ஓடிவிட்டது.

அண்ணன் கொழும்பில் வேலை செய்யும் இடத்தில் பெற்றோரையும் சேர்த்த மருத்துவக் காப்புறுதி இருந்தது. அந்தத் தைரியத்தில் டவுனில் ஒரு தனியார் பல் கிளினிக்கில் காசு கட்டி வைத்தியம் பார்த்துவிட்டு பில்லை அனுப்பினோம். இரண்டு வாரத்தில் திரும்பி வந்தது. காரணம் ஒரே வரி: பல் சிகிச்சைக்கு இந்தக் காப்புறுதியில் இடமில்லை.

வலி இருந்தது மூட்டில். முழங்கால், தோள்பட்டை போல அதுவும் எலும்பு, குருத்தெலும்பு, தசை எல்லாம் சேர்ந்த ஒரு மூட்டு. ஆனால் எங்கள் கையில் இருந்த கடதாசி முழுக்கப் ‘பல்’ என்றே இருந்தது. இரண்டாவது தடவை கடதாசியைச் சரியாக்கிய பிறகு பணத்தின் பெரும்பகுதி கிடைத்தது. பணம் கிடைக்குமா கிடைக்காதா என்பது பெரும்பாலும் சிகிச்சைக்கு முன்னால் டொக்டர் எழுதும் ஒரு கடிதத்தில்தான் முடிவாகிறது. அதனால் முதலிலிருந்து வரிசையாகச் சொல்கிறேன். அவசரமாக இருப்பவர்கள் ஐந்தாவது படியையாவது விடாமல் வாசியுங்கள்.

படி 1: இது தாடை மூட்டுதானா?

காதுத் துவாரத்துக்குச் சற்று முன்னால் இரண்டு விரலை வைத்து வாயைத் திறந்து மூடுங்கள். விரலுக்கடியில் அசைவதுதான் தாடை மூட்டு. கீழ்த்தாடை எலும்பு மண்டையோட்டின் பக்க எலும்போடு சேரும் இடம் அது. நடுவில் மெத்தை மாதிரி ஒரு சிறு வட்டு இருக்கும். அந்த வட்டு விலகினால் ‘டிக்’ சத்தம் வரும், சிலருக்கு வாய் பூட்டிக்கொள்ளும். வயதானவர்களுக்கு மூட்டுத் தேய்மானமும் வரும். அப்போது ‘டிக்’ சத்தத்துக்குப் பதில் மணல் அரைபடுவது போல ஒரு கரகரப்பு கேட்கும். கடைவாய்ப் பல் எல்லாம் போன பிறகும், கட்டிய பல் தேய்ந்து தளர்ந்த பிறகும் கடி மாறி, மூட்டுக்கும் தசைக்கும் பாரம் கூடுவதும் உண்டு.

வீட்டிலேயே பார்க்கக்கூடிய ஒரு சோதனை இருக்கிறது. அவரவர் கையின் நடு மூன்று விரல்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி முன்பற்களுக்கு இடையில் நுழைத்துப் பாருங்கள். சாதாரணமாக மூன்று விரலும் நுழையும், ஏறக்குறைய 40 மில்லிமீற்றர். அம்மாவுக்கு அன்று இரண்டு விரல்கூடச் சரியாக நுழையவில்லை. இந்த அளவைத் திகதியோடு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். பின்னால் தேவைப்படும்.

ஆனால் தாடையில் வலி என்றால் எல்லாமே மூட்டு வலி ஆகிவிடாது. மூன்று விஷயங்களைக் காப்புறுதியைப் பற்றி நினைக்கும் முன்னாலேயே பார்த்துவிட வேண்டும்.

தாடை வலியோடு நெஞ்சு இறுக்கம், வியர்வை, மூச்சுத் திணறல், இடது கை வலி இருந்தால் அது மாரடைப்பாக இருக்கலாம். உடனே 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸுக்குக் காசு இல்லை.

ஐம்பது வயதைத் தாண்டியவருக்கு சாப்பாட்டை மெல்லும்போது தாடை சோர்ந்து வலிப்பது, நெற்றிப்பொட்டில் புதிதாகத் தலைவலி, தலை வாரும்போது மண்டைத்தோல் நோவது, பார்வை மங்குவது இவையெல்லாம் சேர்ந்து வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நெற்றிப்பொட்டு இரத்தக்குழாயில் வரும் அழற்சியாக அது இருக்கலாம். அரிதானதுதான், ஆனால் பிந்தினால் கண் போகலாம்.

மூன்றாவது நம்முடைய தோட்டங்களுக்கு மிகவும் தேவையானது: வெற்றிலை. பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை சேர்த்து வருஷக்கணக்காகப் போடுகிறவர்களுக்குக் கன்னத்தின் உட்தோல் வெளிறித் தடித்து, நார் போல இறுகி, வாய் திறப்பது கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். காரம் பட்டால் எரியும். மூட்டில் பிழை இருக்காது. இது புற்றுநோயாக மாறக்கூடிய நிலை. இலங்கை ஆண்களிடையே அதிகம் காணப்படும் புற்றுநோயே வாய்ப் புற்றுநோய்தான். தோட்டத்தில் பெண்களும் வெற்றிலை போடுகிறவர்கள்தான். ஆகவே வாய் திறக்கவில்லை என்றால், டொக்டரிடம் “வெத்தல போடுவேன்” என்பதை மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். எங்கள் அம்மா முதல் நாள் மறைத்தார். டொக்டர் வாயைத் திறக்கச் சொல்லிவிட்டு, “அம்மா, பல்லே சொல்லுதே” என்று சிரித்தார். பிறகுதான் ஒத்துக்கொண்டார்.

படி 2: யாரிடம் காட்டுவது?

தோட்ட டிஸ்பென்சரியில் வலி மாத்திரை தருவார்கள். அதை வாரக்கணக்கில் தொடர வேண்டாம். அறுபது வயதைக் கடந்து, பிரஷர் மாத்திரை, நீரிழிவு மாத்திரை, இதயத்துக்கு இரத்தத்தை இளக்கும் மாத்திரை எடுக்கிறவருக்கு புரூஃபன், டைக்ளோஃபெனக் போன்றவை வயிற்றையும் சிறுநீரகத்தையும் பாதிக்கும்.

அடுத்த இடம் அரசாங்க ஆஸ்பத்திரியின் பல் பிரிவு. ஹட்டன் பக்கத்தவர்களுக்கு டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலை, மற்றவர்களுக்கு நுவரெலியா, பதுளை, கண்டி. அங்கே உள்ள பல் வைத்தியரிடம் நீங்கள் கேட்க வேண்டியது மருந்து அல்ல, மேலே அனுப்பும் கடிதம். வாய் முகச் சத்திரசிகிச்சை நிபுணர் என்று ஒருவர் இருக்கிறார். ஆங்கிலத்தில் ‘ஓரல் அன்ட் மெக்ஸிலோஃபேஷியல் சேர்ஜன்’, சுருக்கமாக ‘ஓ.எம்.எஃப்’. தாடை மூட்டு அவருடைய துறை. பேராதனைப் பல் போதனா வைத்தியசாலையிலும் கண்டி தேசிய வைத்தியசாலையிலும் இந்தப் பிரிவு இருக்கிறது. ஹட்டனிலிருந்து கண்டி பஸ்ஸில் ஏறினால் கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை வழியாகப் பேராதனையில் இறங்கிவிடலாம். வயதானவரோடு போவதென்றால் விடியற்காலை பஸ்ஸைப் பிடியுங்கள், நம்பர் எடுப்பது காலையில்தான்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் இதற்கெல்லாம் கட்டணம் இல்லை. ஆகவே உங்கள் வீட்டுப் பெரியவருக்குத் தேவையானது அங்கேயே கிடைக்குமென்றால் முதலில் அதை எடுத்துக்கொள்ளுங்கள் என்பதே என்னுடைய உறுதியான கருத்து. காப்புறுதியை எதற்கு வைத்துக்கொள்வது? அரசாங்கத்தில் காத்திருப்பு நீளும் எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்கு, வெளியே வாங்கச் சொல்லும் மருந்துக்கு, தனியாரில் செய்யும் சத்திரசிகிச்சைக்கு. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: காசு கட்டித் தனியாரில் சேனல் பண்ணிப் பார்த்தாலும், அரசாங்க கிளினிக் கொப்பியை விட்டுவிடாதீர்கள். எப்போது வலி தொடங்கியது, என்ன செய்தார்கள் என்பதற்கு அதைப்போல நம்பகமான சாட்சி வேறு இல்லை.

படி 3: வீட்டில் என்ன காப்புறுதி இருக்கிறது?

இணையத்தில் தேடினால் வருவதெல்லாம் அமெரிக்காவில் 65 வயதைத் தாண்டியவர்களுக்கான மெடிகேர் பற்றியதாக இருக்கும். அதை வாசித்துக் குழம்ப வேண்டாம். நமக்கு உள்ளவை வேறு.

பெரியவர் ஓய்வு பெற்ற ஆசிரியராகவோ வேறு அரசாங்க ஊழியராகவோ இருந்தால், பென்சன் சிலிப்பை எடுத்து ‘அக்ரஹார’ என்று ஒரு கழிவு இருக்கிறதா என்று பாருங்கள். தேசியக் காப்புறுதி நம்பிக்கை நிதியம் நடத்தும் திட்டம் அது. 2006ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான அரசாங்க நிறுவனம். கழிவு இருந்தால், பிரதேச செயலகத்தின் ஓய்வூதியப் பிரிவில் உங்கள் நிலைக்கு எது எவ்வளவு வரை கிடைக்கும் என்ற அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள். வாய்ச்சொல் போதாது, அட்டவணையையே வாங்குங்கள்.

தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்கு ஊழியர் சேமலாப நிதி உண்டு, மாதாந்தப் பென்சன் கிடையாது, ஓய்வுக்குப் பிறகு மருத்துவக் காப்புறுதியும் கிடையாது. அவர்களுக்கு இருக்கக்கூடியது பிள்ளைகள் வேலை செய்யும் கம்பனியின் கூட்டுக் காப்புறுதிதான். இதில் இரண்டு விஷயத்தை மகனிடமோ மகளிடமோ கேளுங்கள். பெற்றோரின் பெயர் பட்டியலில் உண்மையிலேயே கொடுக்கப்பட்டிருக்கிறதா? பெற்றோருக்கு வயது எல்லை என்ன? பல பிள்ளைகள் ‘பெற்றோருக்கும் உண்டு’ என்று கேள்விப்பட்டதோடு நின்றிருப்பார்கள், படிவத்தை நிரப்பிக் கொடுத்திருக்க மாட்டார்கள். பெயர் சேர்ப்பது பெரும்பாலும் வருஷத்துக்கு ஒரு தடவை, புதுப்பிக்கும் நேரத்தில்தான்.

மூன்றாவது, ஆயுள் காப்புறுதியோடு ஒட்டி எடுத்த ‘ஆஸ்பத்திரி நாட்காசு’. வார்டில் தங்கிய ஒவ்வொரு நாளுக்கும் இவ்வளவு என்று தருவது. அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசமாகத் தங்கினாலும் இதைத் தரும் ஒப்பந்தங்கள் உண்டு. இது பலருக்குத் தெரியாமல் அலுமாரியில் கிடக்கிறது. நோய்க்காகத் தங்கியதை நிரூபிக்கும் டயக்னோசிஸ் கார்டில் சேர்ந்த திகதி, வெளியேறிய திகதி, வார்டு முத்திரை மூன்றும் இருந்தால் போதும்.

இனிமேல்தான் புதிதாக எடுக்கப் போகிறீர்கள் என்றால் ஒரு எச்சரிக்கை. விண்ணப்பத்தை முகவர் நிரப்ப, பெரியவர் கையெழுத்தோ கைநாட்டோ மட்டும் வைப்பது நம் ஊரில் வழக்கம். “சின்ன வலியெல்லாம் எழுத வேணாம்மா” என்று சொல்லும் முகவரும் உண்டு. எழுதச் சொல்லுங்கள். தெரிந்த நோயை மறைத்ததாகத் தெரிய வந்தால், தாடைக்கு மட்டுமல்ல, நாளைக்கு இதயத்துக்குக் கேட்கும் பணத்தையும் மறுக்க அவர்களுக்கு இடம் கிடைக்கும்.

படி 4: ஒப்பந்தத்தில் தேட வேண்டிய வரிகள்

முழுவதையும் வாசிக்க முடியாவிட்டாலும் ‘விலக்குகள்’ என்ற பக்கத்தை யாராவது ஆங்கிலம் தெரிந்தவரைக் கொண்டு வாசியுங்கள்.

அங்கே ‘டென்டல்’ என்று தொடங்கும் வரி எப்படி முடிகிறது என்று பாருங்கள். ‘பல் மற்றும் ஈறு சிகிச்சை’ என்று மட்டும் இருந்தால் மூட்டு அதற்குள் வராது என்று வாதாட வலுவான இடம் இருக்கிறது. ‘விபத்தால் ஏற்பட்டதைத் தவிர’ என்று இருந்தால், விழுந்து தாடை அடிபட்டவருக்கு வழி திறந்திருக்கிறது. தாடை மூட்டை, ‘டீ.எம்.ஜே.’ என்றோ ‘டெம்பரோமண்டிபுலர்’ என்றோ பெயர் சொல்லியே விலக்கியிருந்தால், அந்த ஒப்பந்தத்தில் நேரத்தைச் செலவிட வேண்டாம். அரசாங்க வழிக்குப் போய்விடுங்கள்.

அடுத்து, 24 மணி நேரம் வார்டில் தங்கினால்தான் பணம் என்ற நிபந்தனை. தாடை மூட்டில் இது பெரிய பொறி. ஊசிகளைச் செலுத்தி மூட்டை உப்புநீரால் கழுவும் சிகிச்சை ஒன்று உண்டு, ‘ஆர்த்ரோசென்டெசிஸ்’ என்பார்கள். பெரும்பாலும் அன்று காலையில் போய் அன்று மாலையே வீட்டுக்கு வந்துவிடலாம். அப்போது ‘நாள் சத்திரசிகிச்சை’ என்ற வசதி ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்பதே கேள்வி. இருந்தால் கவலையில்லை. இல்லாவிட்டால் அதைச் செய்யும் முன்பே காப்புறுதிக்காரர்களிடம் கேட்க வேண்டும், செய்த பிறகு கேட்டு ஒன்றும் ஆகாது.

முன்பே இருந்த நோய், காத்திருப்புக் காலம், வயது எல்லை இவை மூன்றையும் திகதிகளோடு குறித்துக்கொள்ளுங்கள்.

படி 5: டொக்டரின் கடிதம்

எங்கள் முதல் கோரிக்கை தோற்றது இங்கேதான். கிளினிக் தந்த பில்லின் தலைப்பில் ‘டென்டல்’. நோய் என்ற இடத்தில் ‘தாடை வலி, பற்கூர்த் தேய்வு’. சிகிச்சை என்ற இடத்தில் ‘நைட் கார்ட்’, அதாவது இரவில் பல்லில் மாட்டும் தட்டு. இதைக் கொழும்பில் மேசையில் உட்கார்ந்து வாசிப்பவர் பல் வைத்தியம் என்று நினைத்ததில் வியப்பில்லை. அம்மாவின் காதுக்கு முன்னால் கேட்ட சத்தம் அந்தக் கடதாசியில் எங்கேயும் இல்லை.

இரண்டாவது தடவை வாய் முகச் சத்திரசிகிச்சை நிபுணரிடம், நாங்கள் கொப்பியில் எழுதி வைத்திருந்த அளவுகளையும் திகதிகளையும் காட்டினோம். “காப்புறுதிக்குக் கடிதம் வேணும் டொக்டர், உண்மையில என்ன நோயோ அதை விவரமா எழுதித் தாங்க” என்று கேட்டோம். பொய்யாக ஒன்றும் கேட்கவில்லை, கேட்கவும் கூடாது. உள்ளதை முழுமையாக எழுதச் சொன்னோம். கடிதத்தில் இவை இருக்க வேண்டும்:

நோயின் முழுப் பெயர். ‘தாடை வலி’ என்பது அறிகுறி மட்டுமே. வட்டு விலகல், மூட்டுத் தேய்மானம், மூட்டு நழுவல் என்று எதுவோ அது எழுதப்பட வேண்டும். எந்தப் பக்கம் என்பதும் வேண்டும்.

உலக சுகாதார அமைப்பின் பத்தாவது நோய் வகைப்பாட்டு எண். தாடை மூட்டுக் கோளாறுக்கு கே 07.6. தாடை மூட்டு நழுவலுக்கு எஸ் 03.0. கீழ்த்தாடை எலும்பு முறிவுக்கு எஸ் 02.6. எண் இருந்தால் வாசிப்பவர் தன் இஷ்டத்துக்குப் பெயர் வைக்க இடம் குறையும். ஒரு நுட்பத்தையும் தெரிந்துகொள்ளுங்கள்: கே 07 என்ற பிரிவு ‘பல் முக அமைப்புக் கோளாறுகள்’ என்ற தலைப்பின் கீழ் வருகிறது. அதைப் பிடித்துக்கொண்டு “பல்தானே” என்பார்கள். ஆகவே எண்ணை மட்டும் எழுதி விடாமல், ‘மூட்டின் நோய், பல்லின் நோய் அல்ல’ என்று ஒரு வாக்கியமும் இருப்பது நல்லது. முடக்குவாதம் போன்ற உடம்பு முழுவதுக்குமான மூட்டு நோயின் பகுதியாகத் தாடை பாதிக்கப்பட்டிருந்தால் அந்த நோயின் பெயரும் எண்ணும் வர வேண்டும்.

பரிசோதனையில் கண்டது. வாய் எத்தனை மில்லிமீற்றர் திறக்கிறது, சத்தம் இருக்கிறதா, எக்ஸ்ரே அல்லது ஸ்கேனில் என்ன தெரிகிறது. முழு வாய் எக்ஸ்ரேயை ‘ஓ.பி.ஜி.’ என்பார்கள், அதில் எலும்பு தெரியும். வட்டைப் பார்க்க எம்.ஆர்.ஐ. வேண்டும்.

முன்பு செய்தது என்ன, பலன் ஏன் போதவில்லை. மென்மையான சாப்பாடு, சூடு ஒத்தடம், தாடைப் பயிற்சி, மாத்திரை, இரவில் மாட்டும் தட்டு, பிசியோதெரபி. இவற்றைச் செய்து பார்க்காமல் நேரே ஊசிக்கோ சத்திரசிகிச்சைக்கோ போனால், ‘அவசியமா?’ என்று கேட்பார்கள். அந்தக் கேள்வி நியாயமானதும்கூட. தாடை மூட்டு வலியில் பெரும்பாலானவர்களுக்கு இந்த எளிய வைத்தியமே போதும்.

செய்யாவிட்டால் என்ன ஆகும். சாப்பிட முடியாமல் எடை குறைந்திருந்தால் அந்தக் கிலோக் கணக்கை எழுதச் சொல்லுங்கள். நீரிழிவு உள்ள பெரியவர் நேரத்துக்குச் சாப்பிட முடியாமல் போவது எவ்வளவு ஆபத்து என்பதை ஒரு வரி எழுதினாலும் அது கனமான வரி.

கடைசியாக, வலி தொடங்கிய திகதி. இதில் நம் பெரியவர்கள் தங்களுக்குத் தாங்களே குழி தோண்டிவிடுகிறார்கள். “எவ்வளவு நாளா வலி?” என்று கேட்டால், “அது ரொம்ப வருஷமாங்க ஐயா” என்று சொல்லி விடுவார்கள். உட்கார்ந்து பேசிப் பார்த்தால், சத்தம்தான் பல வருஷமாக இருந்திருக்கும், வலி வந்தது போன மாசியில். டொக்டர் கேட்டதை அப்படியே எழுதுவார். காப்புறுதிக்காரர் ‘முன்பே இருந்த நோய்’ என்று சிவப்புக் கோடு போடுவார். ஆகவே கிளினிக்குக்குப் போகும் முன்னாலேயே, தீபாவளிக்கு முன்னாலா பின்னாலா, தைப்பொங்கலுக்கு முறுக்குக் கடித்தார்களா என்று கேட்டுக் கேட்டு உண்மையான காலத்தைக் கண்டுபிடியுங்கள். உண்மையிலேயே பத்து வருஷ வலி என்றால் பத்து வருஷம் என்றே சொல்லுங்கள்.

படி 6: செய்வதற்கு முன்னால் எழுத்தில் பதில்

தொலைபேசியில் “கிடைக்கும்” என்று ஒருவர் சொல்வார். பில் போனதும் இன்னொருவர் “கிடைக்காது” என்பார். முன் அனுமதியை எழுத்தில் கேளுங்கள். கூட்டுக் காப்புறுதி என்றால் பிள்ளையின் கம்பனி மனிதவளப் பிரிவின் ஊடாக மின்னஞ்சல் போகட்டும். அங்கே காப்புறுதியை எடுத்தவர் கம்பனிதான், அதனால் அவர்கள் கேட்டால் பதில் வேகமாக வரும். நாங்கள் அனுப்பியதன் சாரம் இது:

‘என் தாயாருக்கு வலது தாடை மூட்டில் வட்டு விலகல் இருப்பதாக வாய் முகச் சத்திரசிகிச்சை நிபுணர் உறுதி செய்துள்ளார். கடிதமும் ஸ்கேன் அறிக்கையும் இணைத்துள்ளேன். பரிந்துரைத்துள்ள சிகிச்சை மூட்டைக் கழுவும் நாள் சத்திரசிகிச்சை. பல், ஈறு தொடர்பான சிகிச்சை எதுவும் இதில் இல்லை. இதற்கு எவ்வளவு தொகை வரை செலுத்துவீர்கள், 24 மணி நேரம் தங்க வேண்டிய நிபந்தனை உண்டா, மறுப்பதாயின் ஒப்பந்தத்தின் எந்த இலக்க விதியின்படி என்பதை எழுத்தில் அறியத் தரவும்.’

அந்தக் கடைசிக் கேள்விதான் முக்கியம். விதி இலக்கத்தைக் கேட்டால் எடுத்தெறிந்து மறுக்க முடியாது. எங்களுக்கு வந்த பதிலில் சத்திரசிகிச்சைக்கும் ஆஸ்பத்திரிக் கட்டணத்துக்கும் சம்மதம், நைட் கார்டுக்கு இல்லை என்று இருந்தது. தட்டைப் பல் கருவியாகவே பல நிறுவனங்கள் பார்க்கின்றன. அதற்காகச் சண்டை போட்டுப் பெரிய தொகையைத் தாமதப்படுத்த வேண்டாம் என்று அண்ணன் சொன்னார், அது சரியான முடிவு.

படி 7: பில்லும் பெயரும்

பில்லைப் பிரித்து வாங்குங்கள். நிபுணர் கட்டணம், சத்திரசிகிச்சைக் கூடம், மருந்து, ஸ்கேன் தனித்தனியாக இருக்கட்டும். அதே நாளில் பல்லும் பிடுங்கினால் அதற்கு வேறு பில். ஒன்றாகக் கலந்தால் முழுவதும் ‘டென்டல்’ ஆகிவிடும்.

பெயர் விஷயம் மலையகத்துக்கே உரிய தலைவலி. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், தோட்டத்துச் சம்பளப் பதிவான செக்ரோலில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு எழுத்து மாறிய பெயர், ஆஸ்பத்திரி டிக்கட்டில் தாதி காதில் விழுந்த பெயர். எங்கள் அம்மாவுக்கு மூன்று எழுத்துக்கூட்டல். ஆஸ்பத்திரியில் பதியும்போதே அடையாள அட்டையை நீட்டி, “இதுல உள்ள மாதிரியே எழுதுங்க மிஸ்” என்று சொல்லுங்கள். ஏற்கெனவே பிழையாகிவிட்டிருந்தால், இரண்டு பெயரும் ஒருவரே என்று சமாதான நீதவான் முன்னிலையில் ஒரு சத்தியக்கடதாசி முடித்து, கிராம உத்தியோகத்தரின் கடிதத்தையும் சேர்த்து வையுங்கள்.

முகவரியும் அப்படித்தான். லயத்துக்கு வரும் தபால் தோட்ட ஒஃபிஸில் நாட்கணக்கில் கிடக்கும். ‘14 நாளுக்குள் மேலதிக அறிக்கை அனுப்பவும்’ என்ற கடிதம் இருபதாவது நாள் கைக்கு வந்து என்ன பயன்? டவுனில் உள்ள சொந்தக்காரர் முகவரியையோ பிள்ளையின் மின்னஞ்சலையோ கொடுங்கள்.

படி 8: அனுப்புவது

கோரிக்கைப் படிவத்தில் டொக்டர் நிரப்பும் பகுதியை ஆஸ்பத்திரியிலிருந்து வெளியேறும் நாளிலேயே நிரப்பி வாங்குங்கள். அதற்காகத் திரும்பவும் பஸ் ஏறுவது பெரியவருக்கும் உங்களுக்கும் ஒரு நாள் சம்பளம். டயக்னோசிஸ் கார்ட், மூலப் பில்கள், பற்றுச்சீட்டுகள், மருந்துச் சீட்டு, ஸ்கேன் அறிக்கை, நிபுணர் கடிதம், முன் அனுமதிப் பதில், அடையாள அட்டைப் பிரதி, வங்கிப் புத்தக முதல் பக்கம். எல்லாவற்றையும் போட்டோ கொப்பி எடுத்த பிறகே அனுப்புங்கள். மூலப்பிரதி போன பிறகு கையில் ஒன்றும் இல்லாமல் நின்றவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். தபால் என்றால் பதிவுத் தபால்.

படி 9: மறுத்தால்

முதல் மறுப்பை முடிவாக எடுக்க வேண்டாம். எந்த விதி என்று கேட்டு, நிபுணரின் மேலதிக விளக்கத்தோடு அதே நிறுவனத்தின் முறைப்பாட்டுப் பிரிவுக்கு மேன்முறையீடு எழுதுங்கள். எங்கள் இரண்டாவது கடிதம் ஒன்றரைப் பக்கம்தான். கோபமான ஒரு சொல் அதில் இல்லை, மூட்டுக்கும் பல்லுக்கும் உள்ள வித்தியாசமும் இணைப்புகளின் பட்டியலும் மட்டும் இருந்தன.

அதிலும் சரிவராவிட்டால், தனிநபர் ஒப்பந்தங்களுக்குக் காப்புறுதி ஒம்புட்ஸ்மன், அதாவது முறைப்பாடுகளை விசாரிப்பவர், இருக்கிறார். கட்டணம் இல்லை. முதலில் நிறுவனத்திடம் முறையிட்டிருக்க வேண்டும் என்பது நிபந்தனை, அதனால்தான் மேன்முறையீட்டின் பிரதி முக்கியம். 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கும் எழுதலாம். அக்ரஹார போன்ற அரசாங்கத் திட்டத்தில் காரணம் சொல்லாமல் இழுத்தடித்தால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், ‘என் கோரிக்கை எந்த விதியின்படி முடிவு செய்யப்பட்டது, கோப்பின் பிரதி தாருங்கள்’ என்று தமிழிலேயே கேட்கலாம். தகவல் அதிகாரி 14 வேலை நாட்களுக்குள் முடிவைச் சொல்ல வேண்டும்.

படி 10: காப்புறுதியே இல்லாதவர்களுக்கு

பேராதனைக்குப் போங்கள். அறுபது வயதானவர்களுக்குத் தேசிய முதியோர் செயலகத்தின் முதியோர் அடையாள அட்டை பிரதேச செயலகத்தின் ஊடாகக் கிடைக்கும், வரிசையில் முன்னுரிமை கேட்க உதவும். சத்திரசிகிச்சைக்குக் காசு தேவைப்பட்டால், அதே பிரதேச செயலகத்தில் ஜனாதிபதி நிதியத்தின் மருத்துவ உதவிப் பட்டியலில் உங்கள் சிகிச்சை இருக்கிறதா என்று நிபுணரின் கடிதத்தோடு போய்க் கேளுங்கள். நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் தமிழில் பேசவும் எழுதவும் உங்களுக்கு உரிமை இருக்கிறது. யாராவது “சிங்களத்தில் எழுதிக்கொண்டு வா” என்று சொன்னால் பணிவாக, ஆனால் நின்று, தமிழ்ப் படிவம் கேளுங்கள்.

பணம் வந்த பிறகும் கோப்பைத் தூக்கிப் போடாதீர்கள். அடுத்த வருஷம் காப்புறுதியைப் புதுப்பிக்கும்போது தாடை மூட்டைப் பற்றிக் கேட்டால், இதே கடிதங்களைக் காட்டித்தான் பதில் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் அது சீனி டின்னுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கிறது. உறையின் மேல் அம்மாவின் அடையாள அட்டை இலக்கமும், உள்ளே முதல் தாளில் அவர் வாய் திறக்கும் அளவும் மாதாமாதம் எழுதப்பட்டிருக்கின்றன. போன மாதக் கணக்கு 37 மில்லிமீற்றர்.